ரத்தி, கேரட், செண்ட், கிராம், மி.மீ.: ராசிக்கல் எடைக் குழப்பம்

#1 தக்கலை_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். ஜோசியர் 5¼ ரத்தி கனகபுஷ்பராகம்னு சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கார். நாகர்கோவில்ல ஒரு கடையில அதுக்கு 4.78 கேரட் கல்லு வேணும்னு சொல்லுதாங்க. இன்னொரு கடையில 3.19 கேரட் போதும்கிறாங்க. ஆன்லைன்ல எடையே இல்லாம 11×9 மி.மீ.ன்னு மட்டும் போட்டிருக்கு. இதுல எது சரி? கேரட்டுன்னா 22 கேரட் தங்கம்னு சொல்றோமே, அதே கேரட்டா? எதுல ஆரம்பிச்சு எப்படிக் கணக்குப் போடணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வடசேரி_ஆசாரி

ரெண்டு கடைக்காரனும் கணக்குல தப்பு பண்ணல மக்கா. ரத்தி ரெண்டு இருக்கு, அதாக்கும் சங்கதி.

பழைய தங்கக் கணக்குல ஒரு தோலாவுக்கு 96 ரத்தி. தோலா 11.664 கிராம். வகுத்துப் பாரு, ஒரு ரத்தி 121.5 மில்லிகிராம் வரும். கேரட்டுல 0.6075. இது சின்ன ரத்தி. குன்றிமணி எடைன்னு சொல்றது இதைத்தான். ராசிக்கல் வியாபாரத்துல புழங்குறது பெரிய ரத்தி. சின்ன ரத்தியோட ஒன்றரை மடங்கு, 182 மில்லிகிராம், 0.91 கேரட்.

5.25 × 0.91 = 4.78. 5.25 × 0.6075 = 3.19. உன் ரெண்டு கடையும் வந்தாச்சா?

ராசிக்கல்லுன்னா பெரும்பாலும் 0.91 கணக்குத்தான். சில வியாபாரி 0.90-னு வச்சுக்கிடுவாங்க, அதுல பெரிய வித்தியாசம் வராது. ஆனா உன் ஜோசியர் எதை நினைச்சு எழுதினாருன்னு அவர்கிட்டயே கேளு. "எத்தனை கேரட்டு"ன்னு கேட்டு அதே சீட்டுல எழுதி வாங்கிரு. ரத்தியில விலை பேசாதே.

#3 ஒளிவிலகல்

ஆசாரி அண்ணன் சொன்னதோடு சேர்த்து:

தங்கத்துக்குச் சொல்கிற கேரட்டும் கல்லுக்குச் சொல்கிற கேரட்டும் வேறு. 22 கேரட் தங்கம் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், அதாவது 91.6 சதம். அது தரம், எடை இல்லை. கல்லில் கேரட் என்பது எடை மட்டும்தான், தரம் பற்றி அது எதுவும் சொல்லாது. "இது 5 கேரட் கல், அதனால் நல்ல கல்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

1 கேரட் = 200 மி.கி. = 0.2 கிராம். 5 கேரட் = 1 கிராம். ஒரு கேரட்டில் 100 செண்ட், அப்படியென்றால் ஒரு செண்ட் 2 மி.கி. இந்த 200 மி.கி. கணக்கு 1907-இல் பாரிஸில் நடந்த எடை அளவை மாநாட்டில் முடிவானது. அதற்கு முன் ஊருக்கு ஊர் கேரட் மாறும். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டின் எடை அளவைத் தரச் சட்டத்திலேயே விலையுயர்ந்த கற்களுக்குக் கேரட் என்றும், அது கிலோவில் 5000-இல் ஒரு பங்கு என்றும் வந்துவிட்டது. ரத்திக்கு அப்படி ஒரு சட்ட நிலை கிடையாது. பில்லில் ரத்தி மட்டும் போட்டிருந்தால் கேரட்டோ கிராமோ போட்டுத் தரச் சொல்லுங்கள்.

புதிதாகக் கற்பவர்கள் எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போனாலும் நடுவில் மில்லிகிராமுக்கு வந்து போங்கள். ரத்தியிலிருந்து நேராகக் கிராம், செண்டிலிருந்து நேராக ரத்தி என்று தாண்டும்போதுதான் தசமப் புள்ளி இடம் மாறுகிறது. 5¼ பெரிய ரத்தி 956 மி.கி. அதை 200-ஆல் வகுத்தால் 4.78 கேரட், 1000-ஆல் வகுத்தால் 0.956 கிராம்.

#4 முட்டம்_அலை

அப்போ 11×9 மி.மீ. கல்லு எத்தனை கேரட்? அதுக்கு ஒரு பட்டியல் இருக்குமே, அதைப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதே.

#5 ஒளிவிலகல்

இருக்கிறது. ஆனால் இணையத்தில் சுற்றுகிற பட்டியலில் பாதிக்குமேல் வைரத்துக்குப் போட்டவை. அதை வைத்துக்கொண்டு நீலமோ மரகதமோ வாங்கப் போனால் கணக்கு உதைக்கும்.

ஒரே அளவுள்ள இரண்டு கல் ஒரே எடை இருக்காது. காரணம் அடர்த்தி எண். கல்லின் எடை அதே பருமனுள்ள தண்ணீரின் எடையைப் போல எத்தனை மடங்கு என்பது அது. அடிக்கடி தேவைப்படுபவை இவை:

மாணிக்கம், நீலம், கனகபுஷ்பராகம் மூன்றும் ஒரே தாதுதான், குருந்தம்: 4.00
வைரம்: 3.52
டோபாஸ்: 3.53
வைடூரியம்: 3.73
கோமேதகம்: 3.61
மரகதம்: 2.72
முத்து: சுமார் 2.70
பவளம், ஸ்படிகம், சிட்ரின், செவ்வந்திக்கல்: 2.65 அளவில்
சி.ஜெட் என்கிற செயற்கைக் கல்: சுமார் 5.8

இனி அளவிலிருந்து எடை. பட்டை தீட்டிய நீள்வட்டக் கல்லுக்கு: நீளம் × அகலம் × ஆழம் × அடர்த்தி × 0.0020. மூன்று அளவும் மில்லிமீட்டரில், விடை கேரட்டில்.

தம்பி கேட்ட கல்லுக்கே போட்டுப் பார்ப்போம். 11 × 9 × 6 மி.மீ. பெருக்கினால் 594. குருந்தமென்றால் 594 × 4.00 × 0.0020 = 4.75 கேரட். டோபாஸ் என்றால் 4.19. சிட்ரின் என்றால் 3.15. மூன்றும் மஞ்சள்தான், மூன்றும் 11×9-தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 10 × 8 × 5 மி.மீ. குருந்தம் 3.20 கேரட். ஒவ்வொரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடியதற்கே எடை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. சின்ன ரத்திக்கும் பெரிய ரத்திக்கும் உள்ள சண்டை முழுதும் கண்ணுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான். மோதிரத்தில் போட்டபின் யாருக்கும் தெரியாது, விலையில் நன்றாகத் தெரியும்.

#6 வடசேரி_ஆசாரி

அக்கா சொன்ன 0.0020 நீள்வட்டத்துக்கு மட்டும். வட்டக்கல்லுக்கு விட்டம் × விட்டம் × ஆழம் × அடர்த்தி × 0.0018. மூலை வெட்டின செவ்வகம், மரகத வெட்டுன்னு சொல்றது, அதுக்கு 0.0025. திலகம் மாதிரி ஒரு பக்கம் கூரா வர்றதுக்கு 0.0018 போடலாம், ரெண்டு பக்கமும் கூரா இருந்தா 0.0016. பட்டை இல்லாத மேடுகல்லு, அடி தட்டையா இருக்குமே பவளம் மாதிரி, அதுக்கு 0.0026. மணி உருண்டைக்கும் 0.0026 தான், விட்டத்தை மூணு தடவை பெருக்கணும். வைர வட்டத்துக்கு மட்டும் அடர்த்தியெல்லாம் சேத்து 0.0061-னு ஒரே எண்ணு. 6.5 மி.மீ. விட்டம், 3.9 ஆழம்: 42.25 × 3.9 × 0.0061 = 1.005 கேரட்.

இதெல்லாம் மதிப்பீடு. ஒழுங்கா வெட்டின கல்லுல நூத்துக்கு அஞ்சு முன்னப்பின்ன வரும். நாட்டு வெட்டுக் கல்லுல, அடிவயிறு தள்ளிக்கிட்டு ஒருபக்கம் சாஞ்சு இருக்கும் பாத்தியா, அதுல நூத்துக்கு இருபதுகூட வித்தியாசம் வரும். தராசு கிடைச்சா சூத்திரத்தைத் தூக்கிப் போட்டுட்டு நிறுத்துப் பாரு. பதிச்ச கல்லுக்குத்தான் சூத்திரம்.

#7 தக்கலை_தம்பி

அடிவயிறு தள்ளின கல்லுன்னா என்ன அண்ணே? அதை வாங்கக் கூடாதா?

#8 வடசேரி_ஆசாரி

கல்லோட இடுப்புக்குக் கீழ் பாகம் சரிஞ்சு போகாம பானை மாதிரி உப்பி இருக்கும். வெட்டுறவன் எடை போயிரக் கூடாதுன்னு விட்டு வச்சது. மேலேருந்து பாத்தா 10×8 தான் தெரியும், நிறுத்தா 4 கேரட்டுக்கு மேல நிக்கும். கேரட்டுக்கு இவ்வளவுன்னுதானே விலை? கண்ணுல படாத வயித்துக்கும் சேத்துக் காசு குடுக்குற. பதிக்கும்போது மோதிரத்துக்குக் கீழ தள்ளிக்கிட்டு நின்னு விரல்ல குத்தவும் செய்யும்.

இதுக்கு நேர்மாறும் உண்டு. ஆழமே இல்லாம தட்டையா, மேலேருந்து பெருசா தெரியும். நடுவுல கண்ணாடி மாதிரி ஓட்டையா, அடியில வச்ச எழுத்துத் தெரியும். எடை குறைவு, விலையும் குறைவு, ஒளி நிக்காது.

ஆழத்தை அகலத்தால வகுத்துப் பாரு. குருந்தத்துல 0.60-லேருந்து 0.70-க்குள்ள இருந்தா நல்லது. 0.80 தாண்டிட்டா வயிறு இருக்குன்னு வச்சுக்கோ.

#9 கோட்டாறு_கணக்கு

கல் வாங்குபவர்கள் மட்டுமல்ல, கல் வைத்த நகை வாங்குபவர்களும் படிக்க வேண்டிய இழை இது. பில்லில் மூன்று எடை இருக்கும்: மொத்த எடை, கல் எடை, நிகர எடை. முதலும் மூன்றாவதும் கிராமில். நடுவில் உள்ளது பல இடத்தில் கேரட்டில். அங்கேதான் கோளாறு.

உதாரணமாக ஆரம் ஒன்று மொத்தம் 42.650 கிராம், கல் 18.40 கேரட். கேரட்டை 5-ஆல் வகுத்தால் 3.680 கிராம். நிகரத் தங்கம் 38.970 கிராம். கவனக்குறைவாக 10-ஆல் வகுத்து 1.840 கழித்தால் நிகரம் 40.810 ஆகிவிடும். 1.840 கிராம் தங்கத்துக்கு, அதாவது கால் பவுனுக்குச் சற்றுக் குறைவாக, சும்மா பணம் கட்டுகிறீர்கள். அதன்மேல் கூலி, சேதாரம், வரி எல்லாம் ஏறும்.

ஹால்மார்க் நகைக்கு பில்லில் தங்கத்தின் நிகர எடையைத் தனியாகக் காட்டியே ஆக வேண்டும். "கல்லும் சேர்த்து இவ்வளவு" என்று ஒரே எண்ணாகப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அரக்கு வைத்துக் கல் பதித்த நகையில் இன்னொரு சிக்கல். புவிசார் குறியீடு பெற்ற நம்ம வடசேரி கோயில் நகை பாணியில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும். கல் எடையை மட்டும் கழித்துவிட்டு அரக்கை விட்டுவிட்டால் அரக்கும் தங்க விலைக்குப் போகும். பதிக்கும் முன்னே கூட்டின் எடை எவ்வளவு என்று குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த எண் இருந்தால் கழித்தல் கணக்கே தேவையில்லை.

#10 முட்டம்_அலை

மூக்குத்திக்கு "21 செண்ட்"னு சொன்னா அது ஒரு கல்லா, எல்லாம் சேர்த்தா?

#11 கோட்டாறு_கணக்கு

நல்ல கேள்வி, பாதிப் பேர் கேட்காமலே வந்துவிடுவார்கள். ஏழுகல் பேசரியில் 21 செண்ட் என்றால் பெரும்பாலும் ஏழும் சேர்த்துத்தான். கல் ஒன்றுக்கு 3 செண்ட், விட்டம் 2 மி.மீ. அதே 21 செண்ட் ஒரே கல்லாக இருந்தால் விட்டம் கிட்டத்தட்ட 3.9 மி.மீ. விலை ஏணி வைத்தாலும் எட்டாது, ஏனென்றால் பெரிய கல் அரிது, கேரட் விலையே மாறிவிடும். "மொத்த எடை" என்று பில்லில் இருக்கிறதா, கல்லின் எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

வைரத்தின் விட்டத்தை மனக்கணக்காகப் போட, 6.5 மி.மீ. = 1 கேரட் என்று ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 10 செண்ட் 3 மி.மீ., 25 செண்ட் 4.1, அரை கேரட் 5.2, 2 கேரட் 8.2 மி.மீ. எடை இரண்டு மடங்கானால் விட்டம் கால் பங்குதான் கூடும்.

குமரி அம்மன் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல் வந்தது என்கிற கதை இருக்கிறதே, அந்தக் கல் எத்தனை செண்ட் என்று என்னிடம் கேட்காதீர்கள்!

#12 ஒளிவிலகல்

வைரத்தில் மட்டும் நடக்கும் ஒரு வழக்கம். ஆய்வகத்தில் எடையை நிறைய தசமத்துக்கு நிறுத்துவிட்டு இரண்டு தசமமாகச் சுருக்குவார்கள். மூன்றாவது தசமம் 9 ஆக இருந்தால்தான் மேலே ஏற்றுவார்கள். 0.998 கேரட் என்றால் சான்றிதழில் 0.99 என்றுதான் வரும். 0.999 இருந்தால் 1.00. பள்ளிக்கூடத்தில் 5-க்கு மேல் ஏற்றச் சொல்லிக் கொடுத்ததை இங்கே பொருத்தாதீர்கள். 0.99-க்கும் 1.00-க்கும் கண்ணில் ஒரு வித்தியாசமும் இருக்காது, விலையில் படி ஏறும். கையில் காசு அளவாக இருப்பவர்கள் 0.95 பக்கம் தேடுவது புத்திசாலித்தனம்.

#13 பார்வதிபுரம்_தராசு

தராசு பத்தி யாரும் பேசலையே. எடைக் கணக்கு எல்லாம் தராசு சரியா இருந்தாத்தான்.

ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு வர்ற பாக்கெட் தராசு 0.01 கிராம் காட்டும். கேரட்டுல அது 0.05. ஒரு கேரட் கல்லை வச்சா 0.95-ஆ 1.05-ஆன்னு சொல்லத் தெரியாது. கல்லுக்கு 0.001 கிராம் காட்டுற தராசாவது வேணும். அது 0.005 கேரட். நல்ல கடையில இருக்குற கேரட் தராசு 0.001 கேரட்டு வரைக்கும் காட்டும், சுத்திக் கண்ணாடிக் கூடு இருக்கும்.

நிறுக்குறப்போ செய்ய வேண்டியது: கல்லைச் சோப்புத் தண்ணியில கழுவி நல்லாத் துடைச்சுக் காயவைங்க. கைப்பிசுக்கும் பழைய மெழுகும் சில மில்லிகிராம் ஏத்திக் காட்டும். தராசை ஸ்விட்ச் போட்டு இருபது நிமிஷம் சும்மா விடுங்க. நீர்மட்டக் குமிழி வட்டத்துக்கு நடுவுல இருக்கணும். ஃபேனை நிப்பாட்டுங்க, ஜன்னலைச் சாத்துங்க. நம்ம ஊர்க் காத்துக்கு மூணாவது தசமம் ஒரு இடத்துல நிக்காது. கல்லைச் சாமணத்தால எடுத்து நடுத்தட்டுல வைங்க. மூணு தடவை எடுத்து எடுத்து வச்சு மூணும் ஒத்து வருதான்னு பாருங்க.

மலிவுத் தராசுல ஒரு குணம் உண்டு. ரொம்பச் சின்னக் கல்லை மெதுவா வச்சா சுழியத்துலயே நிக்கும். தானா சுழியத்தைத் திருத்திக்கிடும், கல்லை எடைன்னே அது எண்ணாது. அதுக்கு முதல்ல 5 கிராம் எடைக்கல்லை வச்சு, அதும்மேல கல்லை வச்சு, கூடினதை மட்டும் பாருங்க.

பலருக்குத் தெரியாதது ஒண்ணு. எலக்ட்ரானிக் தராசு அளக்கறது பூமி இழுக்குற விசையை. அந்த இழுப்பு துருவத்துக்குப் போகப் போகக் கூடும், நிலநடுக்கோட்டுப் பக்கம் குறையும். நாம இருக்கறது 8 டிகிரி. டெல்லியில சரிபண்ணி அனுப்புன தராசை இங்க அப்படியே வச்சா சுமார் 0.11 சதம் குறைச்சுக் காட்டும். ஜெர்மனியில சரிபண்ணினதுன்னா 0.31 சதம். 5 கேரட் கல்லுல அது ஒன்றரைச் செண்ட். அதனால எந்தத் தராசு வாங்கினாலும் வச்ச இடத்துலயே எடைக்கல்லைப் போட்டுக் கேலிப்ரேஷன் பண்ணணும். சும்மா சுழியம் அழுத்தறது கேலிப்ரேஷன் ஆகாது. நாணயத்தை வச்சு சரிபாக்காதீங்க, ஒரே ரூபாயே வருஷத்துக்கு வருஷம் எடை மாறியிருக்கு. எஃப்1-ங்கிற துல்லியத் தரத்து எடைக்கல் ஒண்ணு வாங்கி வச்சுக்கிடுங்க. கையால தொடாதீங்க.

கடைத் தராசுல வருஷ முத்திரை இருக்கான்னு பாக்கறது உங்க உரிமை. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாசத்துக்கு ஒருக்கா முத்திரை போட்டாகணும்.

#14 குளச்சல்_கரை

மணவாளக்குறிச்சி மணல்ல கார்னட் இருக்குன்னு சொல்லுதாங்களே, அந்தச் செம்மணல். அதுல கோமேதகம் மாதிரி கல் கிடைக்குமா? கோமேதகமும் கார்னட் வகைதானே?

#15 ஒளிவிலகல்

கோமேதகம் கார்னட் குடும்பம்தான். ஆனால் கடற்கரை மணலில் இருக்கும் கார்னட் பரல் கால் மில்லிமீட்டர் அளவுகூட வராது. 0.2 மி.மீ. உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கேரட் சேர்க்க 11,000 பரலுக்கு மேல் வேண்டும். உப்புத்தாள், நீர்த்தாரை வெட்டு என்று தேய்க்கவும் அறுக்கவும் பயன்படும், மோதிரத்துக்கு ஆகாது. அதோடு அந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும், அள்ளி வீட்டில் வைக்கிற பொருள் இல்லை.

ஆனால் அடர்த்தியைக் கண்ணால் பார்க்க அந்தக் கரையை மிஞ்சிய இடம் கிடையாது. அலை வந்து திரும்பும்போது 2.65 அடர்த்தியுள்ள வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும். 4-க்கு மேல் உள்ள கார்னட்டும் 4.7 அடர்த்தியுள்ள இல்மனைட்டும் கனத்தால் தங்கிவிடும். சிவப்பும் கறுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரிவது அதனால்தான்.

#16 குளச்சல்_கரை

முத்துக்கும் இதே கேரட்தானா அக்கா?

#17 ஒளிவிலகல்

இப்போது கடையில் கிடைப்பது வளர்ப்பு முத்து. அதை மி.மீ. விட்டத்தில்தான் விற்பார்கள். ராசிக்கு என்று கேட்டால் கேரட்டில் நிறுத்துத் தருவார்கள். 7 மி.மீ. உருண்டை முத்து: 343 × 2.70 × 0.0026 = சுமார் 2.4 கேரட். கோர்க்கத் துளையிட்டிருந்தால் 0.8 மி.மீ. துளைக்கு இரண்டு சதம் கழியும்.

இயற்கை முத்துக்குக் கிரெயின் என்று ஓர் அலகு உண்டு. முத்துக் கிரெயின் 50 மி.கி., கால் கேரட். தங்க, மருந்துக் கணக்கில் வரும் கிரெயின் 64.8 மி.கி. பெயர் ஒன்று, எடை வேறு. ஜப்பான்காரர்கள் முத்தை மொத்தமாக மொம்மே என்று நிறுப்பார்கள், அது 3.75 கிராம்.

#18 முட்டம்_அலை

பதிச்ச கல்லைக் கழட்டாம எடை தெரிஞ்சுக்கணும்னா வெர்னியர்ல அளந்து சூத்திரம் போட்டா போதுமா?

#19 வடசேரி_ஆசாரி

அடி திறந்த பதிப்புன்னா போதும். அடி மூடின கெம்புப் பதிப்புல ஆழத்தை அளக்க வழியில்ல, அகலத்துல 0.6-ன்னு ஊகிச்சுத்தான் போடணும். அப்போ வர்ற எடை சும்மா ஒரு தோராயம். அதுல விலை பேசாதே. கண்ணாடிக் கெம்பும் சி.ஜெட்டும் எப்படியும் மி.மீ. சைஸ்லயும் எண்ணிக்கையிலயும்தான் வாங்குறது, கேரட்டுக்கு அங்க வேலையே இல்ல. யாராவது சி.ஜெட்டைக் கேரட்டுல வித்தா இன்னும் மோசம். 6.5 மி.மீ. வைரம் ஒரு கேரட்டுன்னா அதே சைஸ் சி.ஜெட் 1.7 கேரட் நிக்கும்.

அளக்கும்போது வெர்னியர் வாயைக் கல்லு மேல இறுக்காதே. மரகதம் ஓரம் உடைஞ்சிரும். முனையை மெதுவாத் தொட்டு நிப்பாட்டு. வட்டக்கல்லைச் சுத்திச் சுத்தி நாலு இடத்துல அளந்து, கூடுனதையும் குறைஞ்சதையும் கூட்டி ரெண்டால வகு. 6.5-ஐ 6.6-னு படிச்சா எடையில நூத்துக்கு மூணு ஏறிரும்.

#20 தக்கலை_தம்பி

ரொம்ப நன்றி. ஒரு கடையில "புஷ்பராகம்"னு சொல்லி ஒரு நாள் பாத்துட்டுத் தாங்கன்னு கல்லு கொடுத்திருக்காங்க. 0.001 கிராம் தராசு பக்கத்துல கிடைச்சுது. எடை 0.947 கிராம். அளவு 11.6 × 9.4 × 6.15. கேரட்டுல 4.735, 5¼ ரத்திக்குக் கிட்ட வந்துருது. வாங்கலாமா?

#21 ஒளிவிலகல்

கொஞ்சம் பொறுங்கள். 11.6 × 9.4 × 6.15 = 670.6. குருந்தமாக இருந்தால் 670.6 × 4.00 × 0.0020 = 5.36 கேரட் வர வேண்டும். உங்கள் கல் 4.74 தான். 12 சதம் குறைகிறது. வெட்டு மெலிந்திருந்தாலும் இப்படிக் குறையலாம், ஆகவே இதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. தராசு இன்னும் கையில் இருந்தால் தண்ணீர்ச் சோதனை செய்துவிடுங்கள்.

சின்னக் கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு ஆறவைத்த வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு. டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்குங்கள். மெல்லிய நூலில் கல்லைக் கட்டி, தராசைத் தொடாமல் மேலே ஒரு குச்சியிலிருந்து தொங்கவிட்டு, கல் முழுதும் தண்ணீரில் மூழ்கும்படி இறக்குங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது. இப்போது தராசு காட்டுவது கல் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி.

கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் தண்ணீர் எடை கூடி அடர்த்தி குறைந்து காட்டும். ஊசியால் தட்டிவிடுங்கள். கல் அடியைத் தொட்டால் எண் எக்கச்சக்கமாக ஏறும், உடனே தெரியும். இரண்டு கேரட்டுக்குக் கீழ் உள்ள கல்லுக்கு இந்தத் தராசில் செய்யாதீர்கள். அரை கேரட் கல் இடம்பெயர்ப்பதே 25 மி.கி. தான், ஒரு மி.கி. தவறினால் நான்கு சதம் போய்விடும். முத்து, பவளம், ஓப்பல் எதையும் முக்காதீர்கள். எண்ணெய் ஏற்றிய மரகதத்தையும் சோப்புத் தண்ணீரில் போட வேண்டாம்.

#22 குளச்சல்_கரை

நூலுக்குப் பதிலா தங்கூசி, அதான் தூண்டிலுக்குக் கட்டுற நைலான் இழை, அதைக் கட்டுங்க தம்பி. பஞ்சு நூல் தண்ணியைக் குடிக்கும், குமிழியும் பிடிச்சு வச்சுக்கிடும். இருக்கறதுலயே மெலிசான தங்கூசி எந்தத் தூண்டில் கடையிலயும் கிடைக்கும்.

#23 தக்கலை_தம்பி

தங்கூசியிலயே கட்டிப் பாத்தேன். 0.269, 0.269, 0.270. 0.947-ஐ 0.269-ஆல வகுத்தா 3.52.

#24 ஒளிவிலகல்

தண்ணீர் 30 டிகிரி என்றால் 0.996-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 3.51. குருந்தம் இந்த எண்ணுக்கு வரவே வராது. டோபாஸ் 3.49-இலிருந்து 3.57-க்குள் இருக்கும், அளவும் எடையும் அதற்குத்தான் பொருந்துகின்றன. 670.6 × 3.53 × 0.0020 = 4.73. உங்கள் 4.735-ஓடு ஒட்டி நிற்கிறது பாருங்கள்.

அடர்த்தி மட்டும் போதாது. வைரத்துக்கும் டோபாஸுக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான், அதை வைத்து யாராவது வைரம் என்று சாதித்தால்? ஒளிவிலகல் எண்ணையும், அதாவது கல்லுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதையும், பார்க்கச் சொல்லுங்கள். டோபாஸ் 1.61-இலிருந்து 1.64-க்குள், குருந்தம் 1.76-இலிருந்து 1.77-க்குள். கருவி இருந்தால் ஐந்து நிமிட வேலை.

#25 வடசேரி_ஆசாரி

கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போகாதே மக்கா. டோபாஸையும் புஷ்பராகம்னுதான் பல பேரு சொல்லுதாங்க, அவர் பொய் சொன்னாருன்னு சொல்ல முடியாது. "எனக்குக் குருந்தத்துல கனகபுஷ்பராகம் வேணும், ரிப்போர்ட்டோட"ன்னு சொல்லிக் கல்லைத் திருப்பிக் குடு. இந்தக் கல்லு பிடிச்சிருந்தா டோபாஸ் விலைக்குக் கேளு. ரெண்டு விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

#26 கோட்டாறு_கணக்கு

பில்லில் இப்படி எழுதி வாங்குங்கள்: "இயற்கைக் குருந்தம், மஞ்சள் நிறம், 4.78 கேரட் (0.956 கிராம்), 11.0 × 9.0 × 6.0 மி.மீ., கேரட் ஒன்றுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு." கேரட் விலையும் மொத்த விலையும் தனித்தனியாக இருக்க வேண்டும். வாயால் சொன்ன விலை கேரட்டுக்கா கல்லுக்கா என்பதில்தான் அடுத்த சண்டை வரும்.

#27 தக்கலை_தம்பி

அடுத்த கல்லு 4.00 காட்டிட்டா கண்ணை மூடிட்டு வாங்கலாமா அக்கா?

#28 ஒளிவிலகல்

வாங்கக் கூடாது. உலையில் வளர்த்த செயற்கைக் குருந்தத்துக்கும் அதே 4.00, ஒளிவிலகல் எண்ணும் அதே. சூடேற்றிய கல்லா, நிறமேற்றிய கல்லா என்பதும் எடையில் தெரியாது. அதற்கு நுண்ணோக்கியில் உள்ளே பார்க்க வேண்டும்: செயற்கைக் கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடும் வாயுக்குமிழியும் இருக்கலாம், இயற்கைக் கல்லில் பட்டு நூல் போன்ற ஊசிகளும் நேரான நிறப்பட்டையும் இருக்கலாம். மஞ்சள் கல்லில் வளைகோடு சுலபமாகத் தென்படாது, அதனால் லென்ஸை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆய்வக ரிப்போர்ட் வந்ததும் அதில் உள்ள எடையையும் மூன்று அளவுகளையும் உங்கள் தராசிலும் வெர்னியரிலும் ஒத்துப் பாருங்கள். ஒரு செண்ட் மாறினால் பரவாயில்லை. பத்து செண்ட் மாறினால் அந்த ரிப்போர்ட் வேறு கல்லுடையது.